வழிபாட்டிடங்களில் திரையும் புரொஜெக்டரும்

கூட்டு வழிபாட்டில் பாடப்படும் பாடல், வாசிக்கப்படும் மறைநூல் பகுதி, சொல்லப்படும் மன்றாட்டு ஆகியவற்றை அங்குக் கூடியுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் பார்த்து வாசிக்கும்படி பெரிய அளவில் காட்ட, வழிபாட்டிடங்களில் திரைகள் அமைக்கப்படுகின்றன. புரொஜெக்டர் (படவீழ்த்தி), எல்.இ.டி. சுவர், பெரிய தொலைக்காட்சி ஆகிய மூன்றும் இதற்குப் பயன்படும் முதன்மையான கருவிகள் ஆகும்.

சமயத்திற்குச் சமயம் இதன் தேவை வேறுபடுகிறது. மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் போன்ற கோயில் விழாக்களில், உள்ளே செல்ல இயலாத கூட்டத்தினர் நிகழ்ச்சியைக் காணத் தெருக்களில் எல்.இ.டி. திரைகள் வைக்கப்படுகின்றன. அங்குத் திரையின் வேலை காட்சியைக் காட்டுவது. பிரித்தானியா, கனடா போன்ற நாடுகளிலுள்ள பல குருத்வாராக்களில் பாடப்படும் வரிகள் குர்முகி எழுத்திலும், அவற்றின் பொருள் ஆங்கிலத்திலும் திரையில் வருகின்றன. கிறித்தவ ஆலயங்களில் திரையின் முதன்மையான வேலை எழுத்தைக் காட்டுவதாகும். எழுத்தை வாசிக்க வேண்டும் என்பதால், தேர்வில் நேரும் பிழை உடனே வெளிப்பட்டுவிடும். இக்கட்டுரை தமிழில் ஆராதனை நடைபெறும் கிறித்தவ ஆலயங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குகிறது.

வரலாறு

ஒளியால் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டும் முறை புதியதன்று. டச்சு அறிவியலாளர் கிறித்தியான் ஐகன்சு 1659-ஆம் ஆண்டளவில் 'மாய விளக்கு' எனப்படும் கருவியை அமைத்தார். கண்ணாடித் தகட்டில் வரைந்த படத்தை விளக்கொளியும் வில்லையும் கொண்டு சுவரில் விழச் செய்வது அதன் முறை. 19-ஆம் நூற்றாண்டில் சமயப் பரப்புரையாளர்கள் இக்கருவியைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றனர். ஆப்பிரிக்காவில் பயணம் செய்த டேவிட் லிவிங்ஸ்டன் விவிலியக் காட்சிகளை மாய விளக்கின் மூலம் மக்களுக்குக் காட்டினார்.

தமிழ்நாட்டில் தரங்கம்பாடிக்கு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகம் வந்தபின், சபையார் சேர்ந்து பாடுவதற்கான தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களும் அச்சாயின. அன்று முதல் பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்களைக் கையில் வைத்துப் பாடுவதே வழக்கமாக இருந்துவந்தது. 1960-களில் பள்ளிகளில் பரவத் தொடங்கிய ஓவர்ஹெட் புரொஜெக்டர், ஒளி ஊடுருவும் தாளில் எழுதியதைச் சுவரில் காட்டியது. பின்னர் அது ஆலயங்களிலும் நுழைந்து, பாடல் வரிகளைக் காட்டப் பயன்பட்டது. 1987-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லு, டி.எல்.பி. வகைப் புரொஜெக்டர்களுக்கு அடிப்படையாயிற்று. கணினியுடன் இணையும் புரொஜெக்டர்களின் விலை குறைந்தபின் சிறிய சபைகளும் அவற்றை வாங்கத் தொடங்கின.

தேர்வின் தொடக்கப் புள்ளி

ஆலயத்திற்குத் திரை வேண்டும் என்று சபைக் கமிட்டி முடிவு செய்தவுடன் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது விலைப்பட்டியல் ஆகும். எந்த நிறுவனம், எத்தனை லூமென், எத்தனை அடித் திரை என்று பேச்சு தொடங்குகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போடுவது நல்லது. முதலில் அறிய வேண்டியவை மூன்று:

1. கடைசி வரிசையில் இருப்பவர் திரையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறார்?
2. ஆராதனை நேரத்தில் திரை வரும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது?
3. திரையில் பெரும்பாலும் காட்டப்படுவது எழுத்தா, படமா, நேரலைக் காட்சியா?

இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் திரையின் அளவும் கருவியின் ஆற்றலும் கணக்கிலிருந்தே வந்துவிடும். விடை காணாமல் வாங்கினால், முன்வரிசைக்காரருக்கு நன்றாகத் தெரிவதும் பின்வரிசை முதியவருக்குத் தெரியாமல் போவதுமாக முடியும். சிறிய எழுத்துள்ள பாட்டுப் புத்தகத்தை வாசிக்க இயலாதவர்களுக்கே திரை மிகுதியும் தேவைப்படுகிறது. அவர்கள் வாசிக்க முடியாத திரையால் சபைக்குப் பெரிய பயன் இல்லை.

எழுத்தின் உயரமும் திரையின் அளவும்

ஒலி-ஒளித் துறையின் பன்னாட்டு அமைப்பான இன்ஃபோகாம் (2017 முதல் அவிக்சா) வெளியிட்ட தரநிலைகளில் எளிய கணக்கு ஒன்று உள்ளது. வாசிக்க வேண்டிய எழுத்தின் உயரம், பார்ப்பவரின் தொலைவில் 200-இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதாவது 10 மீட்டருக்கு 5 செ.மீ., 20 மீட்டருக்கு 10 செ.மீ., 30 மீட்டருக்கு 15 செ.மீ.

இந்த அளவு மிகையானதன்று. கண் மருத்துவமனையில் 6/6 பார்வை உடையவர் எனப்படுபவர், 20 மீட்டர் தொலைவிலிருந்து ஏறத்தாழ 3 செ.மீ. உயர எழுத்தை வாசித்துவிடுவார். 6/18 பார்வை உடையவருக்கு அதைப் போல் மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 9 செ.மீ. தேவை. எனவே 200-இல் ஒரு பங்கு என்னும் கணக்கு, பார்வை குறைந்த முதியவரும் வாசிக்கும் எல்லையைச் சற்றே தாண்டி நிற்கிறது. அதைவிடக் குறைத்தால் முதலில் பாதிக்கப்படுபவர் அவரே.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஓர் ஆலயத்தில் கடைசி வரிசை திரையிலிருந்து 20 மீட்டர் தொலைவில் உள்ளது என்று கொள்வோம்.

- எழுத்தின் உயரம்: 20 மீ. ÷ 200 = 10 செ.மீ.
- தமிழில் ஒரு வரிக்குத் தேவையான இடம், வரி இடைவெளியுடன்: ஏறத்தாழ 22 செ.மீ.
- ஒரே நேரத்தில் காட்டும் வரிகள்: 6. எனவே 6 × 22 = 132 செ.மீ.
- மேலும் கீழும் பத்தில் ஒரு பங்கு வீதம் வெற்றிடம் விட்டால், திரையின் உயரம் ஏறத்தாழ 165 முதல் 170 செ.மீ.
- 16:9 விகிதத்தில் திரையின் அகலம் ஏறத்தாழ 3 மீட்டர்.

ஆக, இந்த ஆலயத்திற்கு ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும் 1.7 மீட்டர் உயரமும் உள்ள திரை தேவை. பத்து அடி அகலத் திரை என்று கடைகளில் கேட்பது ஏறத்தாழ இதையே குறிக்கும். அவ்வளவு பெரிய திரைக்கு முன்னால் இடம் இல்லையெனில், இரண்டு வழிகள் உள்ளன. வரிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். அல்லது ஆலயத்தின் நடுப்பகுதியில் பின்வரிசைக்காரருக்கென்று தனித் திரைகளை வைக்கலாம். எழுத்தைச் சிறிதாக்குவது மட்டும் தீர்வாகாது.

தமிழ் எழுத்தின் தேவைகள்

மேற்கண்ட தரநிலைகள் இலத்தீன் எழுத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. தமிழுக்கு அவற்றை எடுக்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, உயரம். தமிழில் புள்ளியும், 'கி', 'கீ' போன்ற எழுத்துகளின் கொக்கிகளும் எழுத்தின் உடலுக்கு மேலே செல்கின்றன. 'து', 'நூ', 'ரு' போன்றவற்றின் உறுப்புகள் கீழே இறங்குகின்றன. 10 செ.மீ. என்னும் கணக்கு 'ப', 'ம', 'க' போன்ற எழுத்தின் உடலுக்கு உரியது. மேலும் கீழும் செல்லும் உறுப்புகளுக்குத் தனியாக இடம் விட வேண்டும். வரி இடைவெளியை நெருக்கினால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, அகலம். தமிழ் எழுத்துகள் பல அகலமானவை. 'கொ', 'பௌ' போன்றவை ஓர் எழுத்துக்கே மூன்று உருவங்களைக் கேட்கின்றன. 3 மீட்டர் அகலத் திரையில் 10 செ.மீ. எழுத்தில் ஒரு வரிக்கு ஏறத்தாழ 20 உருவங்களே அடங்கும். அது மூன்று அல்லது நான்கு சொற்கள். நீண்ட பாடல் அடியை இசைக்குப் பொருந்தும் இடத்தில் இரண்டாக மடக்க வேண்டும். சொல்லின் நடுவே மடக்கினால் பாடுபவர் தடுமாறுவார்.

மூன்றாவது, புள்ளி. 'ன்' என்பதையும் 'ன' என்பதையும் வேறுபடுத்துவது ஒரு சிறு புள்ளியே. வெளிச்சம் மிகுந்த அறையில், மங்கிய திரையில் முதலில் மறைவது அதுதான். எனவே மெல்லிய கோடுகளும் அலங்கார வளைவுகளும் உள்ள எழுத்துருக்களைத் தவிர்த்து, ஒரே தடிமனுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருக்கள் இதற்குப் பொருந்தும்.

அறையின் வெளிச்சம்

புரொஜெக்டரால் கருப்பு நிறத்தைத் திரையில் வீழ்த்த இயலாது. ஒளி விழாத இடமே கருப்பாகத் தெரிகிறது. ஆனால் அந்த இடத்தில் சாளரத்திலிருந்தும் விளக்குகளிலிருந்தும் வரும் ஒளி விழுந்துகொண்டே இருக்கும். எனவே திரையில் தெரியும் 'கருப்பு', அறையின் வெளிச்சத்தைவிடக் கருமையாக இருக்க முடியாது. பகலில் படம் வெளிறித் தெரிவதற்கு இதுவே காரணம்.

திரையின் மிக ஒளிமிகுந்த பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் உள்ள விகிதம் மாறுபாட்டு விகிதம் எனப்படும். இன்ஃபோகாம் 2011-இல் வெளியிட்ட தரநிலையின்படி, மேலோட்டமாகப் பார்ப்பதற்கு 7:1, எழுத்தும் விவரமும் வாசிப்பதற்கு 15:1, திரைப்படம் போன்ற முழு அசைபடத்திற்கு 80:1 தேவை. பாடல் வரிகளுக்கு 15:1 என்பதை இலக்காகக் கொள்ளலாம்.

இதிலிருந்து தேவையான ஒளியைக் கணக்கிடலாம். விகிதத்திலிருந்து 1-ஐக் கழித்து, திரையில் விழும் வெளிச்சத்தால் (லக்ஸ்) பெருக்கி, திரையின் பரப்பால் (சதுர மீட்டர்) பெருக்கினால் தேவையான லூமென் கிடைக்கும். இது சாதாரண வெள்ளைத் திரைக்கு உரிய கணக்கு. முன் சொன்ன 3 மீ. × 1.7 மீ. திரையின் பரப்பு 5.1 சதுர மீட்டர். அதற்கு 15:1 விகிதம் வேண்டுமெனில்:

- திரையில் 300 லக்ஸ் விழுந்தால்: 14 × 300 × 5.1 = 21,420 லூமென்
- 100 லக்ஸ் விழுந்தால்: 14 × 100 × 5.1 = 7,140 லூமென்
- 40 லக்ஸ் விழுந்தால்: 14 × 40 × 5.1 = 2,856 லூமென்

சாளரங்கள் திறந்து, திரைக்கு மேலேயே விளக்கு எரியும் ஆலயத்தில் 20,000 லூமெனுக்கு மேற்பட்ட பெரிய அரங்குக் கருவி தேவைப்படுகிறது. அதே ஆலயத்தில் திரைக்கு அருகிலுள்ள இரண்டு விளக்குகளை அணைத்து, பக்கச் சாளரங்களுக்குத் தடித்த திரைச்சீலை இட்டு, வெளிச்சத்தை 40 லக்ஸுக்குக் கொண்டுவந்தால் வகுப்பறைக்குரிய சாதாரணப் புரொஜெக்டரே போதும். துணிக்கும் மின்சுவிட்சுக்கும் ஆகும் செலவு, பெரிய கருவியின் விலையோடு ஒப்பிட முடியாத அளவு சிறியது. அறை முழுவதையும் இருட்டாக்க வேண்டியதில்லை. திரையின் மேல் விழும் ஒளியைக் குறைத்தால் போதும். சபையார் அமரும் பகுதியில் வெளிச்சம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

வெளிச்சத்தை அளக்கும்போது ஆராதனை நடைபெறும் நேரத்திலேயே அளக்க வேண்டும். மரபான ஆலயங்களில் பீடம் கிழக்குப் பக்கம் அமைந்திருப்பது வழக்கம். அங்குக் காலை ஆராதனையின்போது பீடத்தின் பின்சுவரிலுள்ள சாளரம் வழியாகக் கதிரொளி சபையாரின் கண்ணில் நேராக விழும்; பக்கத்திலுள்ள திரை மங்கலாகத் தோன்றும். மாலை ஆராதனையில் மேற்கு வாசல் வழியாக வரும் வெயில் திரையின் மேலேயே விழும். ஞாயிறு காலை ஒரு முறை, மாலை ஒரு முறை லக்ஸ் அளவியால் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. திறன்பேசிச் செயலிகள் தரும் அளவு துல்லியமாக இராது. எனினும் ஓரிடத்தையும் மற்றோரிடத்தையும் ஒப்பிட உதவும்.

கருவி வகைகள்

புரொஜெக்டர்: ஒரே விலைக்கு மிகப் பெரிய படத்தைத் தருவது இதுவே. எல்.சி.டி. வகையில் நிறங்கள் பளிச்சென்று தெரியும். ஒரே சில்லுள்ள டி.எல்.பி. வகையில், கண்ணைச் சட்டென்று திருப்பும்போது சிலருக்கு வானவில் போன்ற நிறச் சிதறல் தெரியலாம். ஒளிமூலம் விளக்காகவோ லேசராகவோ இருக்கும். விளக்கின் ஆயுள் பொதுவாகச் சில ஆயிரம் மணி நேரம். லேசருக்கு 20,000 மணி நேரம் என்று குறிப்பிடப்படுவது வழக்கம். இந்த எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. வாரத்திற்கு 6 மணி நேரம் பயன்படுத்தும் சபைக்கு ஆண்டிற்கு 312 மணி நேரமே ஆகிறது. 3,000 மணி நேர விளக்கே ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வரும். நாள்தோறும் வழிபாடு நடைபெறும் ஆலயத்தில் லேசரின் நீண்ட ஆயுள் பயன் தரும். உடனே எரிவதும் உடனே அணைவதும் லேசரின் மற்றொரு நன்மை. எவ்வகையாயினும் நாளடைவில் ஒளி குறையும் என்பதால், கணக்கில் வந்த லூமெனுடன் மூன்றில் ஒரு பங்கு கூட்டி வாங்குவது நல்லது.

லூமென் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதெல்லாம் ஒன்றன்று. ஆன்சி லூமென் அல்லது ஐ.எஸ்.ஓ. லூமென் என்று குறிக்கப்பட்டிருந்தால், அது வகுக்கப்பட்ட முறைப்படி திரையின் பல இடங்களில் அளந்த மதிப்பு. இக்குறிப்பு இல்லாமல் மலிவான சிறு கருவிகளில் காணப்படும் பெரிய எண்களை நம்பி வாங்கக் கூடாது.

எல்.இ.டி. சுவர்: சிறு பலகைகளை அடுக்கி அமைக்கப்படும் இத்திரை தானே ஒளிர்வதால் பகல் வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். ஒரு படப்புள்ளிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் குறிக்கப்படும். எத்தனை மில்லிமீட்டரோ, ஏறத்தாழ அத்தனை மீட்டருக்கு அப்பால் இருப்பவருக்குப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது என்பது பொது வழக்கு. 3.9 மி.மீ. சுவரில் 10 செ.மீ. எழுத்துக்கு ஏறத்தாழ 25 படப்புள்ளிகள் கிடைக்கும். அது 'ஞ', 'ணை' போன்ற வளைவு மிகுந்த எழுத்துக்கும் போதுமானது. எடையைத் தாங்கும் சட்டம், பழுதானால் மாற்ற அதே தொகுதியைச் சேர்ந்த உதிரிப் பலகைகள், கூடுதல் மின்செலவு ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். முழு ஒளியில் வைத்தால் கண் கூசும். பீடமும் குருவானவரும் இருளில் இருப்பதுபோல் தோன்றும். எனவே ஒளியைக் குறைத்தே வைக்க வேண்டும்.

தொலைக்காட்சி: 65 அங்குலத் தொலைக்காட்சியின் திரை உயரம் ஏறத்தாழ 81 செ.மீ. மேற்கண்ட முறையில் ஆறு வரி காட்டினால் எழுத்து 5 செ.மீ. அளவே வரும். அதாவது 10 மீட்டருக்குள் இருப்பவருக்கே அது உதவும். சிறிய ஆலயங்களுக்கு இதுவே எளிய தீர்வு. நீளமான, தூண்கள் உள்ள ஆலயங்களில் முன்னால் ஒரு பெரிய திரையும், நடுத்தூண்களில் பின்வரிசைக்கென இரண்டு தொலைக்காட்சிகளும் வைத்தால், தூண் மறைப்பவர்களும் வாசிக்க இயலும்.

திரையின் தன்மை

சுவருக்கு வெள்ளை அடித்து அதையே திரையாகப் பயன்படுத்துவது உண்டு. சுவர் சமமாகவும் பளபளப்பின்றியும் இருந்தால் இது தவறன்று. தனித் திரைகளில் சாதாரண வெள்ளைத் திரை எல்லாப் பக்கமும் ஒளியைச் சமமாகப் பரப்பும். அகலமான ஆலயத்திற்கு அதுவே பொருத்தம். ஒளியைக் கூடுதலாகத் திருப்பும் திரைகள் நேர் எதிரே இருப்பவருக்குப் பளிச்சென்றும், ஓரத்தில் இருப்பவருக்கு மங்கலாகவும் தெரியும். அறை வெளிச்சத்தை விலக்கும் சிறப்புத் திரைகளுக்கும் இதே குறை உண்டு. வாங்குவதற்கு முன் ஓர இருக்கையிலிருந்து பார்ப்பது அவசியம்.

பொருத்தும் இடம்

ஆலயத்தின் பார்வை மையம் பீடமும் சிலுவையும் ஆகும். திரை அவற்றை மறைக்கக் கூடாது என்பதில் பெரும்பாலான சபைகளுக்குள் கருத்து ஒற்றுமை உண்டு. இருபுறமும் இரு திரைகள் வைப்பது இதற்குப் பொதுவான வழி. ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் அமரும் சபைகளில் ஒருபுறம் மட்டும் திரை வைத்தால், மறுபுறத்தார் ஆராதனை முழுவதும் கழுத்தைத் திருப்பியே இருக்க நேரும்.

பாடும்போது சபையார் எழுந்து நிற்பர். அமர்ந்தபடி பார்த்துச் சரியாக இருக்கும் திரை, நின்றவுடன் முன்னிருப்பவரின் தலையால் மறைக்கப்படும். எனவே சமதளத் தரையில் திரையின் கீழ் விளிம்பு ஏறத்தாழ 2.2 மீட்டருக்கு மேல் இருப்பது நல்லது. மிக உயரத்தில் வைத்தால் முன்வரிசையினர் அண்ணாந்து பார்க்க வேண்டிவரும்.

புரொஜெக்டரின் இடத்தை அதன் வில்லை முடிவு செய்கிறது. தொலைவை அகலத்தால் வகுத்து வரும் எண் கருவியின் விவரக் குறிப்பில் இருக்கும். அது 1.5 எனில், 3 மீட்டர் அகலப் படத்திற்குக் கருவி 4.5 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். பின்சுவரில் 20 மீட்டர் தொலைவில் வைக்க வேண்டுமெனில் தனி வில்லை தேவைப்படும். கருவியைச் சாய்த்து வைத்துவிட்டு, கோணலைக் கணினி முறையில் திருத்தினால் படப்புள்ளிகள் வீணாகி எழுத்தின் கூர்மை குறையும். நேராகப் பொருத்துவதே சிறந்தது.

நம் நாட்டு ஆலயங்களில் மறக்கக் கூடாத ஒன்று மின்விசிறி. உயரமான கூரையிலிருந்து நீண்ட கம்பியில் தொங்கும் விசிறிகளின் இறக்கை ஒளிக்கதிரின் பாதையில் வந்தால் திரையில் நிழல் துடித்துக்கொண்டே இருக்கும். கருவிக்கும் திரைக்கும் இடையே ஒரு நூலைக் கட்டிப் பார்த்தால் எந்த விசிறி குறுக்கிடுகிறது என்பது தெரிந்துவிடும்.

வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் செதுக்கிய மரப்பலகைகளும் உள்ள பழைமையான கட்டடங்களில் கல்லிலும் மரத்திலும் துளையிடுவதைத் தவிர்க்க வேண்டும். தேவையானபோது இறக்கி, பின்பு சுருட்டிக்கொள்ளும் திரையோ, தரையில் நிற்கும் சட்டமோ அங்கு ஏற்றது.

மின்சாரமும் பராமரிப்பும்

- சாதாரண எச்.டி.எம்.ஐ. கம்பி 10 முதல் 15 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதன்று. அதற்கு மேல் வலைப்பின்னல் கம்பி வழியாக அனுப்பும் எச்.டி.பேஸ்-டி கருவிகளோ ஒளியிழைக் கம்பியோ வேண்டும்.
- விளக்கு வகைப் புரொஜெக்டர் சூடாக இருக்கும்போது மின்சாரம் நின்றால் அதன் விசிறியும் நின்று விளக்கு பழுதாகலாம். யு.பி.எஸ். இணைப்பு இதைத் தடுக்கும்.
- தூசி வடிகட்டியைக் குறித்த காலத்தில் துடைக்க வேண்டும். தூசி அடைத்த கருவி சூடேறித் தானே அணைந்துவிடும்.
- கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். எல்.இ.டி. பலகை வாங்குவோர் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.
- கருவியை இயக்கக் குறைந்தது இரண்டு பேருக்குப் பயிற்சி இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் நம்பினால், அவர் வராத ஞாயிறன்று திரை பயன்படாது.

மென்பொருளும் எழுத்துருவும்

பாடல் வரிகளைக் காட்ட ஓபன்-எல்.பி. என்னும் கட்டற்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. புரோபிரசன்டர், ஈசிவொர்ஷிப் போன்றவை கட்டணம் பெறுபவை. பவர்பாயிண்ட் மட்டும் கொண்டு நடத்தும் சபைகளும் பல.

தமிழில் அடிக்கடி நேரும் சிக்கல் பழைய எழுத்துருக்களால் வருவது. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடலை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. சபையின் பாடல்களையும் ஒருங்குறிக்கு மாற்றி வைத்தால் எந்தக் கணினியிலும் அவை திறக்கும், தேடவும் முடியும். தட்டச்சு செய்தவர் அல்லாத ஒருவர் எழுத்துப்பிழை பார்ப்பதும் அவசியம். புத்தகத்தில் உள்ள பிழையை ஒருவர் மட்டும் பார்க்கிறார். திரையில் உள்ள பிழையைச் சபை முழுவதும் சேர்ந்து பாடுகிறது.

பாடல்களின் பதிப்புரிமையையும் கவனிக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி, ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் பழைய கீர்த்தனைகளுக்கு இத்தடை இல்லை. புதிய பாடல்களின் வரிகளைப் பதிவு செய்து இணையத்தில் வெளியிடும்போது உரியவரின் அனுமதி தேவை.

திரையும் புத்தகமும்

திரைகளைக் குறித்து வழிபாட்டு அறிஞர்களிடையே மாற்றுக் கருத்துகளும் உண்டு. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆலயக் கட்டடக்கலை குறித்த ஆவணம், திரையைப் பார்க்கும் மக்கள் பங்கேற்பாளராக இல்லாமல் பார்வையாளராகிவிடும் போக்கு ஆராயத்தக்கது என்று சுட்டியது. வரிகளின் பின்னால் ஓடும் அசைபடங்கள் இப்போக்கை வளர்ப்பதுடன் எழுத்தையும் மறைக்கின்றன. விரைந்து மின்னும் ஒளி, வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்குத் தீங்கும் செய்யலாம். ஒரே நிறப் பின்னணியில் தெளிவான எழுத்து இருந்தால் போதுமானது.

கையில் புத்தகம் இல்லாததால் சபையார் தலைநிமிர்ந்து பாடுகின்றனர் என்பது திரையின் நன்மை. பாடல் முழுவதையும் ஒருசேரப் பார்க்க இயலாது என்பதும், வீட்டிற்கு எடுத்துச் சென்று மனப்பாடம் செய்ய இயலாது என்பதும் அதன் குறைகள். மின்சாரம் நின்றால் திரையும் நின்றுவிடும். எனவே பல சபைகள் திரையை வைத்துக்கொண்டே பாட்டுப் புத்தகங்களையும் இருக்கைகளில் வைத்திருக்கின்றன.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கணக்கில் வந்த உயரத்தில், ஆறு வரிப் பாடலைப் பெரிய தாள்களில் அச்சிட்டு, திரை வரவிருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். சபையின் மூத்த உறுப்பினர்கள் சிலரைக் கடைசி வரிசையிலும் ஓர இருக்கைகளிலும் தூணுக்குப் பின்னாலும் நிற்கச் சொல்லி, தாங்கள் அறியாத ஒரு பாடலை வாசிக்கச் சொல்ல வேண்டும். தெரிந்த பாடல் என்றால் நினைவிலிருந்தே சொல்லிவிடுவர்; சோதனை பொய்த்துவிடும். அடுத்து, விற்பனையாளரிடம் ஒரு கருவியைக் கேட்டு வாங்கி, ஞாயிறு ஆராதனை நேரத்தில், விளக்குகளும் விசிறிகளும் வழக்கம்போல் இயங்க, அதே பாடலைத் திரையிட்டுப் பார்க்க வேண்டும். கடையின் இருண்ட அறையில் அழகாகத் தெரிந்தது ஆலயத்தில் அப்படியே தெரியும் என்று கொள்ள முடியாது.

கடைசி வரிசையிலிருக்கும் மூத்தவர் புள்ளியும் கொம்பும் பிழையாமல் வாசித்துவிட்டால் அளவும் ஒளியும் சரியாக அமைந்துள்ளன என்று கொள்ளலாம். அவரால் வாசிக்க இயலவில்லையெனில், வேறு கருவியைத் தேடுவதற்கு முன் எழுத்தின் அளவையும் சாளரத்தின் திரைச்சீலையையும் சரிபார்க்க வேண்டும்.